வோல்டன் எழுதாமல் விட்ட சில்லு

சில வருடங்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தை ஒன்றில் 35 பவுண் கொடுத்து ஒரு தூண்டில் றீல் வாங்கினேன். கையகலத்தில் ஒரு மரச் சில்லு. நடுவில் உருக்கு ஊசி. பின்புறத்தில் நட்சத்திர வடிவப் பித்தளைப் பட்டி. விக்ரோறியா மகாராணி காலத்துச் சாமான் என்று விற்றவர் சொன்னார். வீட்டுக்கு வந்து பித்தளையைத் துடைத்தபோது ஒரு காப்புரிமை இலக்கம் தெரிந்தது. ஆறு தானங்கள் கொண்ட இலக்கம். பிரித்தானியாவில் 1916க்கு முன்னர் காப்புரிமை இலக்கங்கள் ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்கின. 1916இல்தான் 100,001 முதல் தொடர் இலக்கம் கொடுக்கத் தொடங்கினார்கள். விக்ரோறியா இறந்தது 1901இல். மற்றவர்களின் பற்றுச்சீட்டுகளைத் துருவிப் பார்த்துப் பிழைக்கும் கணக்காளன் நான். சொந்தக் காசில் இப்படி ஏமாந்தேன்.

அந்த ஏமாற்றம்தான் என்னைப் பழைய றீல்களின் பக்கம் இழுத்தது. சென்டர்பின் என்று சொல்லப்படும் இந்த வகையை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். தூண்டில் தடியின் அடியில் பூட்டும் சில்லு இது. நடு ஊசியின் மேல் நூல் சுற்றிய உருளை இருக்கும். பற்சில்லுகள் எதுவும் இல்லை. கைப்பிடியை ஒரு தரம் சுற்றினால் உருளையும் ஒரு தரம் சுற்றும். நல்ல றீலை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டால் நெடுநேரம் சத்தமில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும். ஆற்றோட்டம் மிதப்பை இழுக்க, மிதப்பு நூலை இழுக்க, நூல் உருளையைச் சுழற்றும். மீன் ஓடினால் பெருவிரல்தான் பிறேக். ஊரில் தங்கூசியைப் போத்தலில் சுற்றி வைத்துக் கரையில் நின்று எறிந்தவர்களுக்கு இந்த விரல் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

றீல்களின் வயதைத் தேடிப் பின்னோக்கிப் போகிறவர்கள் இங்கிலாந்தில் கடைசியாக 17ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் இரண்டில் வந்து நிற்பார்கள். ஒன்று தோமஸ் பார்க்கர் என்ற சமையற்காரர் 1651இல் வெளியிட்டது. மற்றது ஐசாக் வோல்டனுடையது. வோல்டனின் புத்தகத்தின் பெயரைத் தூண்டில் பிடிக்கிற எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர் வாழ்ந்த வாழ்க்கையை அறிந்தவர்கள் குறைவு. யுத்தம் என்றால் என்னவென்று அறிந்த குடும்பங்களுக்கு அந்த வாழ்க்கை அந்நியமாக இராது.

வோல்டன் 1593இல் ஸ்டஃபோர்ட் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். தகப்பன் மதுச்சாலை நடத்தியவர். பிள்ளைக்கு நாலு வயது ஆகும் முன்னரே இறந்துவிட்டார். வோல்டன் பல்கலைக்கழக வாசலை மிதிக்கவில்லை. இளவயதில் லண்டனுக்கு வந்து துணி வியாபாரம் பழகினார். 1618இல் இரும்பு வணிகர் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பெயர்தான் இரும்பு, விற்றது துணி. பிளீட் வீதியில், சான்சரி லேனுக்குப் பக்கத்தில் கடை இருந்தது.

அந்தப் பகுதித் தேவாலயத்துக்கு 1624இல் குருவாக வந்தவர் கவிஞர் ஜோன் டன். நாட்டின் பெரும் அறிஞர்களில் ஒருவர். துணிக்கடைக்காரருக்கும் அவருக்கும் நட்பு உண்டானது. டன் தன் கடைசிக் காலத்தில் நெருங்கிய நண்பர்களுக்கு முத்திரைக் கல் பதித்த மோதிரங்கள் செய்து கொடுத்தார். நங்கூரத்தில் கிறிஸ்து இருக்கும் முத்திரை அது. ஒன்று வோல்டனுக்கும் கிடைத்தது. இந்த மோதிரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் திரும்ப வரும்.

1626இல் ரேச்சல் என்ற பெண்ணை மணந்தார். ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள். ஏழு பேரும் சிறு வயதிலேயே இறந்தார்கள். 1640இல் ரேச்சலும் இறந்தார். ஐம்பதை நெருங்கும் வயதில் அந்த வீட்டில் மிஞ்சியது வோல்டன் ஒருவர்தான்.

அதே 1640இல் அவர் எழுதிய முதல் வாழ்க்கை வரலாறு அச்சில் வந்தது. ஜோன் டன்னின் பிரசங்கத் தொகுப்புக்கு முன்னுரையாக ஒரு வாழ்க்கை வரலாறு தேவைப்பட்டது. எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்தவர் சேர் ஹென்றி வொட்டன். முன்னாள் தூதுவர், பின்னர் ஈட்டன் கல்லூரித் தலைவர், வோல்டனோடு சேர்ந்து தூண்டில் போட்டவர். எழுதுவதற்குள் அவர் காலமாகிவிட்டார். செய்திகள் திரட்டிக் கொடுக்க வேண்டிய கடைக்காரர், வேறு ஆள் இல்லாமல் தானே எழுதினார். நண்பர் ஒருவர் போய்விட்டார், அவரைப் பற்றி எழுதாவிட்டால் தெரிந்தது எல்லாம் தன்னோடு போய்விடும் என்ற நிலையில் பேனா எடுத்தவர் அவர். பின்னாளில் வொட்டனைப் பற்றியும் அவரே எழுத வேண்டி வந்தது.

1642இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் யுத்தம் தொடங்கியது. ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில், இரண்டு பக்கமாக நின்ற யுத்தம். லண்டன் நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது. வோல்டன் மன்னர் பக்கம் மனம் வைத்தவர்; அவருடைய நண்பர்கள் பலர் பழைய திருச்சபையின் குருமார். அவர்கள் பதவிகளை இழந்தார்கள். சிலர் நாட்டை விட்டுப் போனார்கள். பழைய செபப் புத்தகம் 1645இல் தடைசெய்யப்பட்டது. மன்னர் முதலாம் சார்ள்சின் தலை 1649 ஜனவரியில் வெட்டப்பட்டது. அந்த வருடங்களில் வோல்டன் கடைத் தொழிலை முடித்துக்கொண்டார். 1647இல் ஆன் கென் என்ற பெண்ணை இரண்டாம் தாரமாக மணந்தார். ஒரு மகளும் ஒரு மகனும் பிழைத்து வளர்ந்தார்கள்.

1651 செப்ரெம்பர் 3இல் வூஸ்டரில் இரண்டாம் சார்ள்சின் படை தோற்றது. தப்பி ஓடும்போது அவருடைய அரச பதக்கம் ஒன்று ஸ்டஃபோர்ட்ஷயரில் ஒரு வீட்டில் ஒளித்து வைக்கப்பட்டது. அதை ஒளித்த அதிகாரி பிடிபட்டு லண்டன் கோட்டைச் சிறையில் இருந்தார். பதக்கம் கைமாறிக் கைமாறி வோல்டனிடம் வந்தது. 58 வயது மனிதர் அதை லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சிறையிலிருந்தவரிடம் சேர்த்தார். வழியில் சோதனையில் அகப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த எங்களுக்குத் தெரியும். அந்த அதிகாரி பிறகு சிறையிலிருந்து தப்பி, பதக்கத்தைக் கடல் கடந்து அதற்குரியவரிடம் சேர்ப்பித்தார்.

இரண்டு வருடம் கழித்து, 1653இல், வோல்டன் தன் 60ஆவது வயதில் த கம்ப்ளீட் ஆங்கிளர் என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டார். விலை 18 பென்ஸ். முகப்பில் அவர் பெயர் இல்லை; உள்ளே சமர்ப்பணத்தின் கீழ் சுருக்கக் கையெழுத்து மட்டும் இருந்தது. கிரோம்வெல் படையினரோடு வந்து நாடாளுமன்றத்தைக் கலைத்த வருடம் அது. புத்தகத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. இரண்டு பேர் லண்டனுக்கு வடக்கே லீ ஆற்றங்கரையில் நடந்துகொண்டு பேசுகிறார்கள். எந்த மீனுக்கு எந்த இரை, எப்படிச் சமைப்பது, எந்தச் சத்திரத்தில் சுத்தமான படுக்கை விரிப்பு கிடைக்கும் என்பவைதான் பேச்சு. நாடு கிழிந்து கிடந்தபோது மீன் பிடிப்பதைப் பற்றி எழுதினாரே என்று சிலர் குறை சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமைதியான ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதை அவர் மறக்காமல் குறித்து வைத்திருக்கிறார்.

அவர் புத்தகத்தை எழுதி முடித்துவிட்டுப் போகிறவர் இல்லை. 1655இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 13 அத்தியாயங்கள் 21 ஆகின. பேசுகிறவர்கள் இரண்டு பேரிலிருந்து மூன்று பேரானார்கள். அப்பதிப்பில்தான் சால்மன் மீன் பற்றிய பகுதியில் எங்கள் சில்லு வருகிறது. சிலர் தடியின் நடுப்பகுதியிலோ கைக்குப் பக்கத்திலோ ஒரு சில்லு பூட்டி நூலை நீளமாக விடுகிறார்கள் என்று குறிப்பிடுகிறார். அது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லால் நீட்டி விளக்குவதிலும் பார்க்க, நேரில் ஒன்றைப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறார்.

அவருடைய வாசகருக்கு அது போதுமாக இருந்திருக்கும். கடைத்தெருவுக்குப் போனால் பார்க்கலாம். எங்களுக்கு அது போதாது. அவர் கண்ட சில்லு மரத்தாலானதா, இரும்பாலானதா, எத்தனை அங்குலம், கைப்பிடி எந்தப் பக்கம் என்பவை அவருடைய பக்கங்களில் இல்லை. புழுவை எப்படிக் கொழுக்க வைப்பது என்று விரிவாக எழுதிய மனிதர், சில்லு எல்லோருக்கும் தெரிந்த சாமான்தானே என்று விட்டுவிட்டார். எல்லோருக்கும் தெரிந்த விடயங்களே முதலில் தொலைகின்றன. பழைய றீல்களுக்கு வயது கணிக்கத் தொடங்கிய பிறகு இதை நான் அடிக்கடி காண்கிறேன்.

அந்தச் சில்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நொட்டிங்ஹாம் நகரத்துக் கடைசல்காரர்கள் ட்ரென்ட் ஆற்றுக்கு ஏற்ற மர றீல்களைக் கடைந்தார்கள். வால்நட், மஹோகனி மரங்கள், பித்தளை அடிப்பாதம். 1896இல் நொட்டிங்ஹாமைச் சேர்ந்த ஹென்றி கொக்சன் வடிவமைத்த ஏரியல் றீலை ரெடிச் நகரத்து ஓல்கொக் கம்பனி செய்து விற்றது. சைக்கிள் சில்லைப் போலக் கம்பி ஆரங்கள் கொண்டது, இறகுபோலச் சுழலும். அந்தப் பெயரில் 1960கள் வரை றீல்கள் வந்தன. ஆனால் 1905இல் அல்பிரட் இலிங்வேர்த் உருளை சுழலாத றீலுக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். அந்த வகை மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் சென்டர்பின்கள் பரண்களுக்குப் போயின. இன்று சந்தைக்கு வருபவை அங்கிருந்து இறங்கியவைதான்.

அவற்றின் வயதைக் கண்டுபிடிப்பது கணக்காய்வு வேலைதான். வாய்ச்சொல்லை ஆதாரமாக எடுக்கக் கூடாது. காப்புரிமை இலக்கத்தைப் பற்றி மேலே சொன்னேன். பதிவு செய்த வடிவங்களுக்கு வேறு அடையாளம் உண்டு. 1842 முதல் 1883 வரை சாய்சதுர முத்திரை குத்தினார்கள். 1884இலிருந்து ஒன்று முதல் தொடர் இலக்கம் கொடுத்தார்கள். இலக்கம் இல்லாவிட்டால் பொறித்த பெயரைப் பார்க்க வேண்டும். அது செய்தவரின் பெயராக இல்லாமல் விற்ற கடையின் பெயராக இருக்கலாம். ரெடிச் கம்பனிகள் நாடு முழுவதும் உள்ள கடைகளுக்கு அவரவர் பெயரைக் குத்திக் கொடுத்தன. அப்போது கடையின் விலாசம் உதவும். பழைய வர்த்தக விலாசப் புத்தகங்களில் அந்தக் கடை எந்த வருடங்களில் அந்தத் தெருவில் இருந்தது என்று தேடலாம். பெரிய கம்பனிகளின் பழைய விலைப்பட்டியல்களும் உண்டு. ஒரு மாதிரி எந்த வருடப் பட்டியலில் நுழைந்து எந்த வருடத்தில் மறைந்தது என்று பார்த்தால் எல்லை கிடைக்கும்.

அடிப்படை விதி ஒன்றுதான். ஒரு பொருள், முதன்முதலில் அதோடு வந்த பகுதிகளுள் மிகப் புதியதைவிடப் பழையதாக இருக்க முடியாது. அதனால் எந்தப் பகுதி முதலிலிருந்தே இருந்தது, எது பிறகு மாற்றப்பட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கொம்புக் கைப்பிடி உடைந்து பிளாஸ்ரிக் பூட்டியிருப்பார்கள். வேறு தடிக்குப் பொருந்த அடிப்பாதத்தை அராவியிருப்பார்கள். மர உருளையைக் கவராயத்தால் அளந்து பாருங்கள். மரம் காயும்போது நாருக்குக் குறுக்காகச் சுருங்கும். நீண்ட காலம் காய்ந்த உருளை சரியான வட்டமாக இராது, சற்று நீள்வட்டமாகும். நேற்றுக் கடைந்து மைபூசிப் பழசாக்கியது வட்டமாகவே இருக்கும். இன்னொன்று, பித்தளையைத் துடைத்து மினுக்காதீர்கள். துடைத்தால் மெல்லிய எழுத்துகள் அழியும். நான் முதல் றீலில் செய்தது அந்தத் தவறுதான்.

வோல்டனின் புத்தகத்தையும் இதே மாதிரித்தான் வயது பார்க்கிறார்கள். அவர் உயிரோடிருந்தபோது ஐந்து பதிப்புகள் வந்தன: 1653, 1655, 1661, 1668, 1676. ஒவ்வொன்றிலும் கை வைத்தார். சில்லு இல்லாவிட்டால் அது முதற்பதிப்பு.

1660இல் முடியாட்சி திரும்பியது. அவருடைய நண்பர்களில் நாடு கடந்திருந்த ஜோர்ஜ் மோர்லி வூஸ்டர் ஆயராகவும், பின் வின்செஸ்டர் ஆயராகவும் ஆனார். வோல்டன் குடும்பத்தோடு அவருடைய ஆதரவில் வாழ்ந்தார். 1662இல் இரண்டாம் மனைவி ஆன் வூஸ்டரில் இறந்தார். வென்ற பக்கத்திலும் சாவு வீடு உண்டு.

அதே 1662இல் வோல்டன் செய்த ஒரு காரியம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. றொபர்ட் வெனபிள்ஸ் என்பவர் தூண்டில் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். வெனபிள்ஸ் நாடாளுமன்றப் படையின் தளபதி. 1655இல் ஜமெய்க்காவைப் பிடித்த கிரோம்வெல்லின் படையை நடத்தியவர். இப்போது அவருடைய பக்கம் தோற்றுப்போயிருந்தது. வோல்டன் அவரைப் பழிக்கவில்லை. அவருடைய புத்தகத்தின் முகப்பில் பாராட்டுக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தார். 1676இல் வோல்டனின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, வெனபிள்ஸின் புத்தகமும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டப்பட்டு விற்கப்பட்டது. ஒருவரையொருவர் எதிர்த்த இரண்டு பக்கங்களும் ஒரே அட்டைக்குள் வந்தன. அரச பதக்கத்தை உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுபோனவர் தன் பக்கத்தை மறந்தவர் இல்லை. மீனைப் பற்றி நன்றாக எழுதியவனை நன்றாக எழுதினான் என்று சொல்ல அது அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

அந்தக் கட்டில் மூன்றாவதாகச் சேர்ந்தவர் சார்ள்ஸ் கொட்டன். வோல்டனை விட 37 வயது இளையவர், டவ் ஆற்றங்கரைப் பிரபு, கவிஞர். எந்நேரமும் கடன்காரர்களுக்குப் பயந்து வாழ்ந்தவர். அவருடைய ஐந்தொகையைப் பார்க்கும் துர்ப்பாக்கியம் எந்தக் கணக்காளனுக்கும் வரக் கூடாது. ஆனாலும் வோல்டனைத் தகப்பன் போல நேசித்தார். 1674இல் ஆற்றங்கரையில் ஒரு சிறு மீன்பிடி மண்டபம் கட்டி, வாசலுக்கு மேலே தன் பெயரின் முதல் எழுத்துகளையும் வோல்டனின் முதல் எழுத்துகளையும் பின்னிப் பொறித்தார். ட்ரவுட் மீனை ஈத்தூண்டிலால் பிடிப்பதில் வோல்டனை விடக் கொட்டன் கைகாரர். அதை ஒப்புக்கொண்டு, அப்பகுதியை அவரிடமே எழுதக் கேட்டுத் தன் புத்தகத்தின் இரண்டாம் பாகமாகச் சேர்த்தார் வோல்டன். அப்போது அவருக்கு 83 வயது.

இடையில் மற்ற வாழ்க்கை வரலாறுகளும் வந்தன. 1665இல் றிச்சர்ட் ஹூக்கர், 1670இல் கவிஞர் ஜோர்ஜ் ஹேபேர்ட், 1678இல் ஆயர் சண்டர்சன். கடைசியை எழுதும்போது வயது 85. பார்த்தவர்களைக் கேட்டு, கடிதங்களைத் தேடி, முந்திய பதிப்பில் தவறியதை அடுத்ததில் திருத்தி எழுதினார்.

1683 ஓகஸ்டில், 90 வயதில், தன் கையால் மரண சாசனம் எழுதினார். ஸ்டஃபோர்ட் அருகே அவர் வாங்கியிருந்த சிறு பண்ணையின் வருமானம் ஊர் ஏழைகளுக்குப் போக வழி வைத்தார். ஏழைப் பிள்ளைகள் தொழில் பழகவும், ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குக் கலியாணச் செலவுக்கும் பணம். மீதிக்கு நிலக்கரி வாங்கிக் கொடுக்க வேண்டும். எப்போது கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்: ஜனவரி கடைசி வாரம் அல்லது பெப்ரவரி முதல் வாரம், ஏனென்றால் ஏழைகளை மிகவும் வாட்டுவது அந்தக் காலம். சான்சரி லேனில் வாழ்ந்த மனிதருக்கு ஸ்டஃபோர்டின் குளிர் மறக்கவில்லை. சாசனத்துக்கு முத்திரை வைத்தது ஐம்பது வருடத்துக்கு மேல் பாதுகாத்திருந்த ஜோன் டன்னின் மோதிரத்தால்.

அந்த வருடம் டிசெம்பர் 15இல் வின்செஸ்டரில், ஆறுகள் உறைந்த பெருங்குளிர் காலத்தில், கண் மூடினார். அங்குள்ள பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1914இல் பிரித்தானிய, அமெரிக்கத் தூண்டில்காரர்கள் பணம் சேர்த்து அவருடைய கல்லறைக்கு மேலே வர்ணக் கண்ணாடி யன்னல் ஒன்று வைத்தார்கள். அவருடைய புத்தகம் இன்றுவரை நூற்றுக்கணக்கான பதிப்புகள் கண்டுவிட்டது.

என்னிடம் இப்போது 23 றீல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பெட்டியிலும் ஒரு மட்டை: எங்கே வாங்கியது, என்ன விலை, என்ன இலக்கம், எந்தப் பகுதி மாற்றப்பட்டது, வயது எப்படிக் கணித்தேன். முதல் றீலின் மட்டையில் ஏமாந்த கதையையும் எழுதி வைத்திருக்கிறேன்.

போன மாரியில் அந்த மட்டைகளை எழுதிக்கொண்டிருந்தபோது குசினியில் அம்மா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தா. அவ ஊரிலிருந்து கொண்டுவந்த மர உரல். யார் செய்தது அம்மா, எப்ப செய்தது என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் இருந்ததுதானே, அதில என்ன கேள்வி என்றா. வோல்டனின் பதில் மாதிரியே இருந்தது. விடாமல் கேட்டேன். 64 புயலில் வளவில் விழுந்த பலா மரத்தில், அடுத்த வருடம் தன் கலியாணத்துக்காக அப்பாச்சி கடைவித்தது என்றா. கடைந்தவரின் வீடு எந்த ஒழுங்கையில் இருந்தது என்பதும் நினைவு வந்தது. மரம் 1964 டிசெம்பர், உரல் 1965. இப்படித் துல்லியமான ஆதாரம் என் றீல்களில் ஒன்றுக்கும் இல்லை.

ஒரு மட்டை எடுத்து, அவ சொன்னதை அவ சொன்னபடியே எழுதினேன். உரலின் பெட்டி இல்லாததால், குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.